இருபதாவது எலும்பு

மருத்துவமனையில் கருவி கழுவுகிறவன் நான். எலும்பு அறுக்கும் ரம்பத்தை முப்பது வருஷமாகக் கழுவித் துடைத்து வைப்பது என் கைதான். வாங்கின அன்று எந்த ரம்பமும் அறுக்கும், புது மாப்பிள்ளை மாதிரி. அதை நம்பக் கூடாது.

புது ரம்பம் வந்ததும் டாக்டர் இரண்டையும் தலா ஒரு மாட்டெலும்பில் இழுத்துப் பார்த்தார். பழையது பதினாறு இழுப்பு. புதியது ஒன்பது.

“பழசை இரும்புக்குப் போட்டுடுங்க.”

“ஒரு எலும்பை வச்சு முடிவு பண்ணாதீங்க. இருபது அறுத்துப் பாருங்க.”

“பெரியவரே, இங்க டாக்டர் யாரு?”

வேறு நாளாக இருந்தால் எக்கேடோ கெடட்டும் என்று விட்டிருப்பேன். மறுநாள் காலை அந்த மேசையில் முதலில் படுக்கப் போகிறவன் என் தம்பி. சர்க்கரை அவன் காலை முழங்கால் வரை அழுகவைத்திருந்தது.

மத்தியானம் கசாப்புக் கடை எலும்போடு பின்வாசலில் உட்கார்ந்தேன். பழையதில் இருபதாவது எலும்பும் பதினெட்டு இழுப்பில் விழுந்தது. இரும்புக்குப் போடச் சொன்ன ரம்பத்தைப் பக்கத்தில் வைத்திருந்தால் திருட்டுப் பட்டம் கட்டுவார்கள். உடனே பழைய இரும்புப் பெட்டியில் போட்டு, ஸ்டோர்காரரிடம் கையெழுத்தும் வாங்கினேன். பிறகு புதியதை எடுத்தேன். பத்தாவது எலும்பில் திணறியது. இருபதாவதில் ஐம்பத்திரண்டு இழுப்பு, தீய்ந்த நாற்றம் வேறு.

துள்ளிக்கொண்டு ஓடினேன். டாக்டர் ரம்பத்தின் பல்லைத் தடவிப் பார்த்தார்.

“நீங்க சொன்னது சரிதான். பழசையே கொண்டாங்க.”

பெட்டி காலி. இரும்பு வண்டி வந்து போய்விட்டது.

“கையெழுத்து போட்டாத்தான் ஆச்சுன்னு நீங்கதானே அடம் புடிச்சீங்க?” என்றார் ஸ்டோர்காரர்.

புதியதைத் தீட்டிப் பார்த்தேன், அரம் வழுக்கியது; பல்லில் கூர் ஏறவில்லை. வேறு ரம்பம் வர நான்கு நாள் ஆகும். காலுக்கு ஒரு நாள்கூட இல்லை.

தம்பி வார்டில் சிரித்துக்கொண்டு படுத்திருந்தான்.

“என்னண்ணே, புது ரம்பமாமே? நான்தான் முதல் போணியா?”

“ஆமாடா.”

“பொறந்ததுலேர்ந்து உன் பழைய சட்டைதான் எனக்கு. இப்பதான் ஒண்ணு புதுசா வருது.”

மழுங்கின பல் எலும்பைச் சுடும். சுட்ட எலும்பு லேசில் ஆறாது. அதை அவனிடம் சொல்லாமல் போர்வையை இழுத்துவிட்டேன். நான் சும்மா இருந்திருந்தால் புது ரம்பத்தின் இரண்டாவது எலும்பு அவனுடையதாக இருந்திருக்கும், ஒன்பது இழுப்பில் முடிந்திருக்கும்.

காலையில் கழுவும் அறையில் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரம்பம் இழுபட ஆரம்பித்தது. ஒன்பது வரை எண்ணினேன். சத்தம் நிற்கவில்லை.