உச்சிக்குழி

அக்கா மகனுக்கு ஐந்து மாதம். அவள் தையல் கம்பெனிக்குப் போய்விட்டால் பகலெல்லாம் அவன் என் இடுப்பில்தான். திங்கட்கிழமை அவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. லீவு கேட்டால் அக்காவுக்கு வேலை போய்விடும். அக்காவின் மூத்த மகளுக்குக் காதுவலிக்கு வாங்கி மீந்த ஆன்டிபயாடிக் சிரப் அலமாரியில் இருந்தது. நாலு வேளை, வேளைக்கு அரை மூடி கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

காய்ச்சல் தணிந்தது. அழுகையும் நின்றது.

"சித்தி மாதிரியே வாயில்லாப் பூச்சிடா நீ," என்று அக்கா புருஷன், மாமா, மகன் கன்னத்தைக் கிள்ளினார். எல்லோரும் சிரித்தோம்.

புதன்கிழமை அவன் தலையைத் துவட்டும்போது என் விரல் நின்றுவிட்டது. எப்போதும் மெத்தென்று உள்வாங்கியிருக்கும் உச்சிக்குழி மேடாகப் புடைத்திருந்தது. பால் குடிக்கவில்லை. தூக்கினால் கீச்சென்று ஓர் அழுகை. அது அவன் குரலே இல்லை. பிறகு இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா வந்தார்.

"மூளைக்காய்ச்சல்னுதான் மருந்து ஏத்துறோம். ஆனா அந்த நீர்ல கிருமி எதுவும் வளரல. வேற நோயா இருந்தா இத நிறுத்தணும். இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒரு சொட்டு கூட இல்ல டாக்டர். என் தங்கச்சி அவனக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறா," என்றாள் அக்கா.

கட்டிலில் அவன் கை மறுபடி இழுத்தது.

"நான் குடுத்தேன்."

"என்னடி சொல்ற?"

"மூத்தவளோட காதுவலி மருந்து. நாலு வேளை."

டாக்டரம்மா திட்டவில்லை. "அதான் வளரல. அரைகுறை மருந்துல கிருமி ஒளிஞ்சுக்கும், சாகாது. நிறுத்தவே கூடாது, மூணு வாரம் ஏத்தணும்." வாசலில் நின்று திரும்பினார். "உயிர் தங்கும்னு நம்பலாம். காது, கை கால், புத்தி எல்லாம் போகப் போகத்தான் தெரியும்."

மூன்று வாரமும் அக்கா என்னோடு பேசவில்லை. சோறு கொண்டுபோனால் வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் உச்சிக்குழி பழையபடி உள்வாங்கியிருந்தது. அவன் கண் ஜன்னல் வெளிச்சத்தைத் தேடிப் போனது. அவன் பார்க்காதபடி கிலுகிலுப்பையை இடது காதருகே ஆட்டினேன். திரும்பவில்லை. வலது காதருகே ஆட்டினேன். இமைகூட அசையவில்லை.

அக்கா துணிமூட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னும் பலமா ஆட்டுடி," என்றாள்.