சகலையின் வண்டி குலுங்காது

என் சகலையின் வண்டி குலுங்காது. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

அவருக்கும் எனக்கும் ஒரே மாடல் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற, ஏறுவதற்கே கம்பியைப் பிடிக்க வேண்டிய உயரமான வண்டி. நான்தான் முதலில் வாங்கினேன். வந்து பார்த்தார், பானெட்டைத் தட்டினார், "நல்லாருக்கே சகலை" என்றார். சில மாதத்தில் அதே வண்டியில் வந்து இறங்கினார். நிறம் மட்டும் வேறு, அதுவும் என் நிறம் கையிருப்பில் இல்லாததால். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். லிஃப்ட் மாட்டும் வேலை. என்னைவிடச் சின்னவர், தலையில் முடியும் என்னைவிட அதிகம். நான் பல் செட் செய்கிறவன். என்னிடம் வேலை ஆகிறவர்கள் எல்லாம் வாயைத் திறந்து பாராட்ட முடியாத நிலையில்தான் வருவார்கள். அவரைப் பார்த்தாலோ கட்டடமே எழுந்து நின்று வணக்கம் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் மாமியாரின் செடிப்பண்ணைக்குப் போவோம். மகள்கள் நாற்றுப் பையில் மண் நிரப்புவார்கள், மருமகன்கள் நாங்கள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு அலைவோம். தார் ரோடு முடிந்தபின் பண்ணை வரை பாதை என்று ஒன்று இருப்பதாகப் பேச்சு. குவாரி லாரிகள் ஓடி ஓடி அதைக் கல்லும் குழியுமாக ஆக்கி வைத்திருக்கின்றன. என் மனைவிக்கு இடுப்பில் டிஸ்க் கோளாறு. குலுங்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அந்தப் பாதையில் என் வண்டி அவளைச் சல்லடையில் போட்டுச் சலித்தது.

"ஸ்பிரிங்கை மாத்திட்டேன் சகலை, அதான் ரகசியம்," என்றார் அவர். "அதே கடைக்குப் போங்க. என் பேரைச் சொல்லுங்க, நல்லா பண்ணிக் கொடுப்பாங்க."

என் பேரைச் சொல்லுங்களாம். நான் முதலில் வாங்கிய வண்டிக்கு!

சொல்லத்தான் சொன்னேன். ஸ்பிரிங் கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என் வண்டியின் அடியில் எட்டிப் பார்த்தார். "வழக்கமா எத்தனை பேர் ஏறுவீங்க?" என்று கேட்டார்.

"அவருக்குப் போட்ட மாதிரியே போடுங்க."

"அவருக்கு ஆளு நிறைய. பிள்ளைங்க, மூட்டை முடிச்சு. உங்களுக்கு எப்படி?"

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்று வரிசை சீட் உள்ள வண்டிதான் வேண்டும் என்று ஷோரூமில் அடம் பிடித்தவன் நான். அப்போது நாங்கள் இன்னும் டாக்டர்களிடம் போய்க்கொண்டிருந்தோம். பிறகு போவதை நிறுத்தினோம். நிறுத்தியதைப் பற்றி ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. கடையில் வேறு வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் மடியில் குழந்தை வேறு.

"எங்களுக்கும் அதே மாதிரிதான்," என்றேன். "பெரிய குடும்பம்."

அந்த வார ஞாயிறு, புது ஸ்பிரிங்கோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினேன். தார் ரோடு முடிந்து முதல் குழி வந்தது. வண்டியின் பின்பக்கம் ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது. இரண்டாவது குழியில் என் மனைவி கூரையில் இருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். பண்ணை வரை அதை விடவில்லை. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள்.

"திரும்பி வர்றப்ப நான் தங்கச்சி வண்டியில வரேன்," என்றாள்.

அன்று போனவள் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதிலேயே போனாள். நடு சீட்டில், பிள்ளைகளுக்கு நடுவே. சகலைக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் எல்லாரையும் திருத்துவதால் டீச்சர். அடுத்தது இரட்டைப் பையன்கள், அவர்களை நாங்கள் ரெட்டை வாலு என்போம். நான் தனியாகப் பின்னால் போவேன். முன்னால் போகிற வண்டியின் கண்ணாடி வழியே அவள் தலை தெரியும். அது ஆடாது, அசையாது. என் தலை மட்டும் ஆமாம் ஆமாம் என்று எதற்கோ ஒப்புக்கொண்டே போகும். பெண்டாட்டியை இன்னொருவர் வண்டியில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே போகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவள் எதற்கோ சிரிப்பாள், தோள் குலுங்குவதை வைத்துத் தெரிந்துகொள்வேன். எதற்குச் சிரித்தாள் என்று தெரியாது. பற்றிக்கொண்டு வரும்.

நான் சும்மா இருக்கவில்லை. டயரில் காற்றைக் குறைத்தேன். வண்டி கொஞ்சம் பணிந்தது, ஒரு கல்லில் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. வாங்கின சீட் மெத்தையில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடித்தது. ராத்திரி சாப்பாட்டில் ஸ்பிரிங், காலை காபியில் ஷாக் அப்சார்பர் என்று பேச்செல்லாம் வண்டியாகவே ஆனது. "அந்த ஆள் என்னவோ மறைக்கிறார்," என்று ஒரு நாள் சொன்னேன். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் அதே ஸ்பிரிங் கடையில் உசத்தியான ஷாக் அப்சார்பர் மாற்றக் கொடுத்தேன். வண்டியை எடுக்கப் போகிற அன்று, சகலை தானாகவே முன்வந்து என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வேலை நாள். அவரும் நானும் மட்டும். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட தெரு ஒன்று குறுக்கே வந்தது.

வண்டி துள்ளியது.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அடுத்த பள்ளத்தில் இன்னொரு முறை துள்ளியது. என் பல்லும் பல்லும் மோதின. அதே துள்ளல், அதே ஆட்டுக்குட்டி! ஆனந்தத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சகலை, உங்க வண்டியும் இந்தக் குதி குதிக்குது?"

"காலியா போனா அப்படித்தான் சகலை," என்றார் கியரை மாற்றிக்கொண்டே. "கனத்த சுமைக்குன்னு போட்ட ஸ்பிரிங் இது. பிள்ளைங்க ஏறினாத்தான் அடங்கும்." பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் இதையா போட்டாங்க? உங்களுக்கு எதுக்கு இது?"

குத்தலாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் குத்தியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். என் சிரிப்பு பாதியில் நின்றது. கடை வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒவ்வொரு கடைப் பலகையாகப் படித்துக்கொண்டு வந்தேன்.

அவர் போனபின் கடைக்காரரிடம் சொன்னேன். "எல்லாத்தையும் கழட்டிடுங்க. லேசான ஸ்பிரிங் போடுங்க. அதுக்கேத்த ஷாக்."

"பெரிய குடும்பம்னீங்களே?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"பின்னாடி சீட்டுக்கு?"

"யாரும் வர மாட்டாங்க."

அவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றச் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு ஸ்பிரிங் கடையில், கிரீஸ் வாடைக்கு நடுவே சொல்ல நேர்ந்ததை நினைத்து எனக்கு அழுகை வந்தது. டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடி என் வண்டியில் ஏற்றினேன். "ஒரே ஒரு தடவை. வலிச்சா அப்புறம் கூப்பிடவே மாட்டேன்."

வலிக்கவில்லை. குழியில் இறங்கியதும் தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை. கைப்பிடியைப் பிடிக்கப் போன அவள் கை திரும்பி மடிக்கு வந்தது. "பரவாயில்லையே," என்றாள். எனக்கு அது போதவில்லை. இன்னும் சொல்வாள் என்று காத்திருந்தேன். கண்ணாடியில் சகலையின் வண்டி பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டே போனேன். இப்போது யார் முன்னால், யார் பின்னால்?

குவாரி எடைமேடை பக்கத்து டீக்கடையில் இரண்டு வண்டியும் நின்றன. அவள் கதவைப் பிடிக்காமல் இறங்கினாள். நான் அதைச் சகலை பார்த்தாரா என்று பார்த்தேன். ரெட்டை வாலுகள் ஓடிவந்து ஆளுக்கொரு கையாகப் பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இங்கேருந்து நான் அதுல வரேங்க," என்றாள் அவள்.

"ஏன், வலிக்குதா?"

"இல்ல. சொகமாத்தான் இருக்கு."

"அதுல வலிக்கலையா உனக்கு?"

"வலிக்கத்தான் செய்யும். இவனுங்க மேல விழுந்து புரண்டா உயிரே போகும்."

"அப்புறம் எதுக்கு?"

ஒரு வாலின் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்கள், அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இத்தனை பாடுபட்டு மெத்தையாக்கி வைத்தால் மகாராணிக்கு அது வேண்டாமாம். தனியாகப் பின்னால் போக இனி என்னால் ஆகாது. சாவியை எடுத்துச் சகலையின் கையில் திணித்தேன்.

"நீங்களும் கொழுந்தியாளும் என் வண்டியில வாங்க. இதை நான் ஓட்டுறேன்."

"பிள்ளைங்க படுத்துவாங்க சகலை," என்றார். அதற்குள் கொழுந்தியாள் போய் என் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

அன்றுதான் அந்த வண்டியின் சத்தத்தை உள்ளிருந்து கேட்டேன். பின்னாலிருந்து என் சீட்டை உதைத்தார்கள். பிஸ்கட் தூள் என் காலருக்குள் போனது. "பெரியம்மா மேல சாயாதீங்கடா, இடுப்பு வலிக்கும்னு எத்தனை தடவை சொல்றது?" என்று டீச்சர் அதட்டினாள். உடனே இரண்டு வாலும் ஆளுக்கொரு பக்கம் ஒழுங்காக நகர்ந்து உட்கார்ந்தார்கள். வண்டி கனமாக, நிதானமாகக் குழியில் இறங்கி ஏறியது. "பெரியப்பா, நீங்க மெதுவா ஓட்டுறீங்க, அப்பா மாதிரி இல்ல," என்று சொன்னது எந்த வால் என்று தெரியவில்லை. அதைச் சகலையின் முன்னால் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருந்தது. என் மனைவி சிரித்தாள். இந்த முறை எதற்கு என்று எனக்குத் தெரிந்தது.

என் வண்டி வெகு நேரம் கழித்துத்தான் பண்ணைக்கு வந்து சேர்ந்தது. கொழுந்தியாளின் கன்னத்தில் சீட் பெல்ட் பதிந்த தடம். சகலை இறங்கி என் வண்டியை ஒரு சுற்று சுற்றினார், பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார்.

"தூங்கிட்டா சகலை. வண்டியில இவ தூங்கி நான் பாத்ததே இல்ல. வழியெல்லாம் மண்டையை உடைப்பாங்க இல்ல மூணு பேரும். எழுப்ப மனசு வராம ஓரமா நிறுத்திட்டு நானும் சும்மா உக்காந்திருந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "கொடுத்து வச்சவரு நீங்க."

எந்தப் பார்வையை நான் இத்தனை நாள் வைத்திருந்தேனோ அது அப்படியே அவர் கண்ணில் இருந்தது. எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் இதைப் பார்க்க! பார்த்தபோது பெரிதாக ஒன்றும் இல்லை. குழாயை இழுக்கப் போனேன்.

சாயங்காலம் அவரவர் பிள்ளைகளை அவரவர் ஏற்றிக்கொண்டார்கள் என்று எழுதப் பார்த்தேன், ஆனால் எங்களுக்கு ஏற்றிக்கொள்ள நாற்றுப் பை நாலுதான் இருந்தது. தார் ரோட்டில் ஏறியதும் அவர்கள் வீடு ஒரு பக்கம், எங்கள் வீடு ஒரு பக்கம். டீச்சர் ஜன்னலில் இருந்து கையாட்டினாள். பிறகு அந்தச் சத்தமும் இல்லை. வண்டி ஓடுவதே தெரியாமல் ஓடியது.

"எனக்குப் பொறாமையா இருக்கு," என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. "அவர் மேல. வண்டிக்காக இல்ல."

அவள் காலடியில் சாய்ந்திருந்த நாற்றுப் பையை நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்கும்தான்," என்றாள். "கூடப் பிறந்தவ மேல."

"ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"எங்க சொல்றது? நீங்க ஸ்பிரிங்கைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தீங்க."