மூன்று நட்சத்திரம் தெரிந்தால்

மொட்டைமாடிக் கதவு மழையில் உப்பி இறுகியிருந்தது. சிப்போரா தோளால் இடித்தாள். இரண்டாவது இடியில் திறந்துகொண்டது. கையில் குடை இல்லை. யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாளில் குடை விரிப்பது கூடாரம் அடிப்பதற்குச் சமம் என்பது அப்பாவின் சட்டம். நனைந்தபடியே அண்ணாந்து பார்த்தாள். ஜூலை மாதத்து பம்பாய் வானம். சாம்பல் மேகம், அதற்கு மேல் இன்னொரு சாம்பல் மேகம். அவளுக்கு வேண்டியதோ மூன்றே மூன்று நட்சத்திரங்கள்.

மூன்று தெரிந்தால் ஓய்வுநாள் முடிந்தது. முடிந்தால்தான் அப்பா பேனாவைத் தொடுவார். அவர் கையெழுத்துப் போட்ட தாளோடு அவள் ஒன்பது மணிக்குள் போரிபந்தர் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். அங்கே குடியேற ஆள் சேர்க்க எருசலேமிலிருந்து வந்திருந்த அவ்ராம் கல்கத்தா மெயிலில் ஏறிவிட்டால் அவ்வளவுதான். அடுத்த பட்டியல் எப்போது என்று அவருக்கே தெரியாது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. இருபத்தொன்று ஆகும்வரை தகப்பன் சம்மதம் வேண்டும் என்பது விதி. பேட்டை யூத இளைஞர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஜெப ஆலயத்துக் கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்து எபிரேய எழுத்து சொல்லிக்கொடுத்தாள். வட்டமாகக் கைகோர்த்து ஆடவைத்தாள். நமக்கென்று ஒரு நாடு பிறந்திருக்கிறது, அதற்குக் கைகள் வேண்டும் என்று தொண்டை கட்டும்வரை பேசினாள். வீடு வீடாகப் போய் தாய்மார்களிடம் திட்டும் வாங்கினாள். பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். பதினொன்றிலும் வியாழக்கிழமையே கையெழுத்து விழுந்துவிட்டது. மிச்சம் அவளுடைய தாள் ஒன்றுதான். அவளே வராவிட்டால் தாங்கள் மட்டும் எதற்குப் போக வேண்டும் என்று இன்று காலை ஜெபம் முடிந்து வரும்போது இரண்டு பேர் கேட்டும்விட்டார்கள்.

அப்பா ஹானோக் வாக்ருல்கர், மில்லில் நெசவு மேஸ்திரி. மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வியாழன் கேட்டதற்கு, யோசிக்க வேண்டும் என்றார். வெள்ளி மில்லில் கூடுதல் வேலை என்றார். வீடு வந்து சேர்ந்தபோது அம்மா ஓய்வுநாள் விளக்கை ஏற்றிவிட்டிருந்தாள். அதற்குப் பிறகு யார் எழுதுவது?

சொட்டச் சொட்டக் கீழே இறங்கினாள். சங்கத்தின் தலைவன் நிசிம் வாசலில் கடிகாரத்தைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக நின்றிருந்தான். அப்பா நாற்காலியில் வெள்ளை உடுப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஏழு நாற்பத்திரண்டுக்கு ஓய்வுநாள் முடியுதுன்னு பஞ்சாங்கத்துல அச்சடிச்சிருக்கு. இப்ப மணி எட்டு."

"அச்சடிச்சவன் மேகத்துக்கு மேல ஏறிப் பாத்துட்டு வந்தானா?"

"அப்ப மழைக்காலம் முடியற வரைக்கும் ஓய்வுநாள்தானா? மில்லுல சொல்லிட்டீங்களா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எலியாஹு தீர்க்கதரிசிக்கு அவள் ஒரு தட்டு மலிதா நேர்ந்திருந்தாள். அவலும் வெல்லமும் தேங்காயும் வாங்கி வைத்தாயிற்று. மகள் போக வேண்டும் என்றா, போகக்கூடாது என்றா? அதை மட்டும் சொல்ல மறுத்தாள்.

சிப்போரா உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"இந்த ஊர்ல நம்மள யாரு என்ன செஞ்சாங்க? ரெண்டாயிரம் வருஷமா ஒருத்தன் கை நம்ம மேல பட்டிருக்கா?"

"இல்ல பப்பா. துரத்தினதால போறவங்க இருக்காங்க. என்னை யாரும் துரத்தல. கூப்பிட்டாங்க, போறேன்."

"கூப்பிட்டது யாரு, அந்த அவ்ராமா?"

"ஒவ்வொரு பஸ்கா பண்டிகை விருந்துலயும், அடுத்த வருஷம் எருசலேம்லன்னு சொல்றது யாரு? நீங்கதானே?"

நிசிம் கடிகாரத்தைக் காட்டினான். எட்டு இருபது.

மறுபடி மேலே ஓடினாள். மழை விட்டிருந்தது. மேற்கே மேகம் ஒரு கோடாகக் கிழிந்திருந்தது. அதற்குள் ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மூன்றாவது? மினுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மில் புகைபோக்கியின் உச்சி விளக்கு. கிழிசல் மூடிக்கொண்டது.

படிகளில் இறங்கும்போது கணக்குப் போட்டாள். மூன்று என்று சொல்லிவிடலாம். அப்பா மேலே ஏறி வந்து பார்க்கப் போவதில்லை. ஒரு சொல், ஒரு கையெழுத்து. ஆனால் பதினோரு பேரிடம் அவள் ஒரு பொய்கூடச் சொல்லிக் கூப்பிடவில்லை. அங்கே வெயில் கொளுத்தும், தகரக் கொட்டகை, சாப்பாட்டுக்குச் சீட்டு என்று எல்லாம் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

"எத்தனை?"

"ரெண்டு."

நிசிம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மூணுன்னு சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா.

"சொல்லியிருக்கலாம் பப்பா."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு எழுந்து, மேசை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக, மூன்று நட்சத்திரம் எண்ணாமலே. தாளை ஜன்னலில் விழுந்த தெருவிளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மெதுவாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

"கம்பளி ரெண்டு வேணும். பாலைவனத்துப் பக்கம்னாலும் ராத்திரி குளிரும். எலும்புல இறங்கும்."

அதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்க நேரமில்லை. நிசிம் அதற்குள் டாக்சியை நிறுத்திவிட்டான்.

போரிபந்தரில் அவ்ராம் பெட்டி வாசலிலேயே நின்றிருந்தார். எட்டு ஐம்பத்திரண்டு. மூச்சு வாங்க நீட்டிய தாளை வாங்கி, தோல் பையிலிருந்து தடித்த பதிவேட்டை எடுத்து, படியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினார். பன்னிரண்டாவது பெயர். தகப்பன் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. தாளை வெளிச்சத்தில் பிடித்துக் கையெழுத்தைப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்தை எங்கயோ பாத்திருக்கேன்."

பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினார். இந்த வருடம், போன வருடம், அதற்கும் முன். கார்டு விசில் ஊதினான். நிசிம், போகலாம் என்று அவள் கையை இழுத்தான். அவள் நகரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது. அவள் சங்கத்தில் சேர்வதற்கு மூன்று வருடம் முன்பு. முதல் பக்கம், முதல் வரி. ஹானோக் வாக்ருல்கர், நெசவு மேஸ்திரி, மனைவி, ஒரு மகள். எழுத்து எழுத்தாகப் போட்ட அதே கையெழுத்து. அதன் மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் ஒரு டாக்டரின் அவசரக் கிறுக்கல்: நுரையீரலில் பஞ்சுத் தூசு. சேர்ப்பதற்கில்லை.