கிண்ணியாத் துறையில் கேட்ட குரல்

லிங்கநகரில் படகு எஞ்சின் திருத்தும் ஜக்சன் சொல்ல வந்து, திக்கி, பாதியில் கைவிட்ட சொற்கள் எல்லாம் குடாவைத் தாண்டிப் போய், கிண்ணியாவின் பழைய படகுத்துறையில் அவனுடைய குரலிலேயே பிசிறில்லாமல் கேட்டன. முதலில் போனது ‘தண்ணீர்’. அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். கேட்க எழும்பி, வகுப்பு சிரித்ததும் விட்டுவிட்டுத் தாகத்தோடு உட்கார்ந்துவிட்டான். துறையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சுற்றிப் பார்த்து, ஆளைக் காணாமல், ஒரு போத்தல் தண்ணீரைப் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். பாலம் வந்தபின் அங்கே படகுக்காக யாரும் காத்திருப்பதில்லை. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சோளகக் காற்றைப் போல அதுவும் ஊருக்குப் பழகிவிட்டது.

அது யாருடைய குரல் என்பது, கிண்ணியா மீன் முதலாளி நிப்றாஸ் தன் எஞ்சினைத் திருத்தக் கொண்டுபோன அன்றுதான் தெரிந்தது. ஜக்சன் ‘பிளக்’ என்று சொல்லப் பார்த்து, முடியாமல் கையால் தொட்டுக் காட்டினான். உடனே நிப்றாஸின் போன் அடித்தது. துறையிலிருந்து தம்பி. “நானா, இங்க பிளக் எண்டு சத்தம் கேக்குது. உங்கட எஞ்சினுக்கா?”

அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. சரளமான பேச்சு பிறவியில் வர வேண்டும், தன் அண்ணனுக்கும் வரவில்லை என்றாள் ஜக்சனின் தாய் சீலா. பழகினால் வரும் என்றார் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சோபனா மிஸ். நிப்றாஸ் சிரித்தார். “அவரு எங்கட துறையில ஒரு நாளும் திக்கினதில்ல, மிஸ். இருக்கிறத என்னெண்டு பழக்கிற?” சோபனா பஸ் ஏறிப் போய்த் துறைப் படியில் உட்கார்ந்து கேட்டார். திரும்பி வந்து ஜக்சனிடம் சொன்னார்: “சரளம் உங்களிட்ட இருக்கு. சொல்லைக் கைவிடாமல் நிக்கத்தான் நீங்கள் பழகோணும்.”

நியாயம்தான். ஆனால் கைவிடுவதில் ஜக்சன் பெரிய கெட்டிக்காரன். கடையில் ‘சோறு’ வராவிட்டால் பாண் கேட்டுச் சாப்பிட்டுவிடுவான். இப்படித்தான் சுதர்ஷிகா என்ற பெயரும் கிண்ணியாவுக்குப் போனது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் அவளை அவன் விரும்புவது அவளுக்குத் தெரியுமுன்பே துறையின் மீன்வாடி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பொறுமையிழந்த நிப்றாஸின் மனைவி றஹ்மா நேரே போய் அவளிடம் சொன்னாள். சுதர்ஷிகாவுக்கும் விருப்பம்தான். ஜக்சனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “ஊரெல்லாம் என்ர பேரைக் கேட்டிட்டுது. நான்தான் கேக்கேல்ல. கோயில்ல எனக்குச் சொல்லுங்கோ.”

மணமகளின் பெயரைச் சொல்லிக் கொடுக்கும் கலியாண வார்த்தைப்பாட்டில் அந்தப் பெயருக்குப் பதிலாகப் பாண் கேட்க முடியாது. கிண்ணியாவில் கேட்டால் கலியாணம் செல்லாது, பீடத்தின் முன் கேட்க வேண்டும் என்று பாதரும் சொல்லிவிட்டார். சீலா பயந்துபோய், எதற்கும் இருக்கட்டும் என்று நிப்றாஸைப் போனோடு துறையில் நிற்க வைத்தாள். அங்கே வரும் குரல் இங்கே கேட்கட்டும் என்று தன் போனைப் பீடத்தருகே வைக்கப் போனாள். சுதர்ஷிகா அதை வாங்கி நிறுத்தினாள். “வேண்டாம் மாமி.”

ஜக்சன் ‘சு’ என்று தொடங்கி நின்றான். மறுபடி தொடங்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, சட்டை நனைந்தது. முன் வரிசையில் ஒருவர் பெயரை எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார்; சுதர்ஷிகா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடினார். அவள் அவன் கையை விடாமல் காத்திருந்தாள்.

கிண்ணியாத் துறையில் வேலையெல்லாம் நின்றிருந்தது. றஹ்மா கலியாணத்துக்கென்று அவித்த வட்டிலப்பச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தாள். பெயர் இங்கே வந்தால் அங்கே கலியாணம் இல்லை. அலைச் சத்தம் கேட்டது, காகம் கத்தியது, வேறொன்றும் வரவில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்திருக்கும் நேரமும் தாண்டியது. நிப்றாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்டும் வரல்ல. சொல்லிட்டாரு. வேனை எடுங்க.”

வட்டிலப்பம் லிங்கநகருக்குச் சூடாகவே போய்ச் சேர்ந்தது. ஜக்சன் இப்போதும் திக்குகிறான். அவசரத்தில் கைவிடுகிற ஒன்றிரண்டு சொற்கள் இப்போதும் துறைக்கு வருகின்றன. மீன் பிரிப்பவர்கள் தலை நிமிர்த்துவதில்லை. சுதர்ஷிகா என்ற பெயர் மட்டும் அதன்பின் அங்கே கேட்டதேயில்லை. றஹ்மாவுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.