புத்தகத்துச் செல்லாயி

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் செல்லாயி என்று ஒருத்திதான் உண்டு. அது நான். பெட்ரீசியா எழுதிய புத்தகத்திலும் ஒரு செல்லாயி இருக்கிறாள். அவள் நானில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றிவிட்டது, ஒருத்தரும் நம்பவில்லை.

பெட்ரீசியா ஈப்போ பட்டணத்துக்காரி. தோட்டத்துப் பெண்களின் உரிமை பற்றி ஆராய்ச்சி செய்வதற்காக எழுபத்தாறில் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து போனாள். நல்ல பெண்தான், பொய் சொல்லக் கூடாது. என் கையால் எத்தனையோ தடவை கோப்பி குடித்திருக்கிறாள். யாரோ ஒருத்தி அவளிடம், ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி கையைப் பிடித்ததையும், வேலை போய்விடுமோ என்று பயந்து இணங்கியதையும் சொல்லி அழுதிருக்கிறாள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பெயரை மாற்றி எழுதினாளாம் மகராசி. மாற்றுவதற்கு உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லை.

புத்தகம் ஆங்கிலம். அதோடு போயிருந்தால் பிழைத்திருப்பேன். ஒரு தமிழ்ப் பத்திரிகை அந்தப் பக்கத்தை மொழிபெயர்த்துப் போட்டது. தொழிலாளர் சங்கத்துச் சதாசிவம் அதைக் கள்ளுக்கடையில் உரக்கப் படித்தான். என் புருஷன் அப்பாவு அங்கேதான் உட்கார்ந்திருந்தான். மறுநாளே மகள் வீரம்மாவைத் தூக்கிக்கொண்டு லூமுட்டில் இருக்கும் அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். கிராணிக்கு ஒரு மயிரும் ஆகவில்லை. அந்த வருஷத் திருவிழாவிலும் அவனுக்குத்தான் முதல் மாலை.

நான் தோட்டத்தை விட்டு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு வந்துவிட்டேன். எண்பத்து மூன்றில், அங்கே வேலை செய்யும் பெண்களைப் பேட்டி எடுக்க அதே பெட்ரீசியா வந்தாள். வாசலிலேயே மறித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"உங்க பேரு செல்லாயின்னே எனக்குத் தெரியாதுக்கா. எல்லாரும் வீரம்மா அம்மான்னுதானே கூப்பிட்டாங்க."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா!"

அவள் மன்னிப்புக் கேட்டாள்.

"சரி, போனது போகட்டும் மிஸ். என்கூட லூமுட்டுக்கு வாங்க. புத்தகத்துல உள்ளது இவ இல்லன்னு எம்புருஷங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எம்புள்ளய குடுத்துருவான்."

"நீங்க இல்லன்னா வேற யாருன்னு தேடுவாங்கக்கா. அந்தப் பொண்ணு இன்னும் தோட்டத்துலதான் இருக்கு. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

அடிப்பாவி! அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்தாள். "உங்களுக்கு நடந்ததும் அநியாயம்தான். இதையும் எழுதணும்க்கா. பயப்படாதீங்க, பேரை மாத்திடுறேன்."

"ஒண்ணும் மாத்த வேணாம். எம் பேரையே போடுங்க மிஸ். அதுல கெடுறதுக்கு இனிமே ஒண்ணுமில்ல."