நவோமியோடு வந்த தண்ணீர்

நவோமியை ஒரு விளையாட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கினால் அந்த விளையாட்டு அவள் பின்னாலேயே வந்துவிடும். பூலாவ் தீக்குஸ் வட்டாரத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சேதிதான். நாலு வயதில் அவளை ஊஞ்சலிலிருந்து வெடுக்கென்று தூக்கிப் பூசைக்குக் கொண்டு போனார்கள். ஊஞ்சலும் கோயிலுக்குள் வந்து, ஃபாதர் பிரசங்கம் முடிக்கும்வரை அவர் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். ஊஞ்சலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சொந்தக்காரர்கள்தான் அவள் அம்மா பெவர்லிக்கு இலவசமாக வைத்தியம் சொன்னார்கள்: "ரெண்டு அறை விட்டா சரியாப் போயிடும்லா."

மூன்று பாலர் பள்ளிகள் நவோமியைத் திருப்பி அனுப்பியிருந்தன. குணவதி டீச்சருடையது நாலாவது. இதுவும் போனால் பெவர்லி குமாஸ்தா வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். நல்ல காலம், அங்கே ரொஸ்னா என்ற உதவி ஆசிரியை இருந்தாள். தண்ணீர்த் தொட்டி, துண்டு, பாட்டு, சாப்பாடு என்று அன்றைய நாளைச் சுவரில் படங்களாக வரிசையாய் ஒட்டினாள். ஒவ்வொன்றும் முடியுமுன் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து, "மண்ணு இறங்கினதும் துண்டு, சரியா நவோமி?" என்பாள். மணல் இறங்கியதும் நவோமியே படத்தைப் பிய்த்து பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு வருவாள். ஏழு மாதம் எதுவும் பின்னால் வரவில்லை. ஏழு மாதம் பெவர்லி காப்பியைச் சூடாகக் குடித்தாள், பாவம்.

பிறகு புது மண்டபத்தைத் திறக்க வைபி வந்தார், அதாவது சட்டமன்ற உறுப்பினர். சுவர் அழகாக இருக்க வேண்டுமென்று டீச்சர் படங்களைக் கிழித்துவிட்டு பலூன் கட்டினார். "ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்லா" என்றார். அட்ஜஸ்ட் பண்ண வேண்டியது ஐந்து வயதுப் பிள்ளை. வைபி மைக்கைப் பிடித்ததும், தொட்டியில் வாத்து விட்டுக்கொண்டிருந்த நவோமியை டீச்சர் இடுப்பில் இடுக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார். தண்ணீரும் வந்தது, முழங்கால் அளவுக்கு, மஞ்சள் வாத்துகளோடு.

"நாளையிலேர்ந்து அனுப்பாதீங்கம்மா" என்று டீச்சர், விழாவுக்கு வந்திருந்த பெவர்லியிடம் சீறினார். அடுத்து டீச்சர் மேடைக்குப் போய், பேச்சை நிறுத்தச் சொல்லி மைக்கைப் பிடித்து இழுத்தார். வைபிக்கு இன்னும் ஒன்பது பக்கம் பாக்கி. மாட்டேன் என்றார். மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகம் சிவக்கக் காலை உதைத்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அவருக்கு ஐந்து வயது இல்லாததால் யாரும் அதைப் பிடிவாதம் என்று சொல்லவில்லை. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது.

பெவர்லி அழைப்பிதழின் பின்பக்கத்தில் புருவப் பென்சிலால் மூன்று படம் வரைந்தாள்: மைக், நாற்காலி, கறிபாப் பலகாரம். ரொஸ்னாவிடம் மணல் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து மேடைக்குப் போனாள். "வைபி, மண்ணு இறங்கினதும் நாற்காலி. அப்புறம் கறிபாப். சரியா?"

வைபி பேச்சைக் குறைத்துக்கொண்டு மணலைப் பார்த்தார். கடைசி மணல் விழுந்ததும் மைக் படத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். நவோமி, மிதந்து வந்த பிஸ்கட் டின்னை நீட்டினாள். போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். தண்ணீர் தொட்டிக்குத் திரும்பியது.

மறுநாள் கெஞ்சுவதற்குத் தயாராக வந்த பெவர்லி, டீச்சர் ஏணியில் நின்று படம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். "பாத்துக்கிட்டே நிக்காதீங்க, பசையைக் கொடுங்க" என்றார் டீச்சர். இப்போது அந்தத் தொகுதியில் எந்த விழா நடந்தாலும் வைபியின் டிரைவர் ஒரு மணல் கடிகாரத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டங்கள் நேரத்துக்கு முடிகின்றன. ஊர்க்காரர்கள் நம்ப மறுப்பது இந்த ஒன்றைத்தான்.