வாலைத் தொலைத்த முதலை

பல் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை பார்க்கும் என் அக்கா, பல் டாக்டருக்குப் பயப்படும் ஒரு முதலையைப் படக்கதையாக வரைந்து இணையத்தில் போடுகிறாள். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கேட்டால் படம் முடிந்தது என்று வீட்டில் அர்த்தம்.

வாசகர்கள் தினமும் வேண்டுமென்றார்கள், அக்காவும் தலையாட்டிவிட்டாள். முதலை தவறாமல் வந்தது, சிரிப்புதான் நின்றுபோனது.

நேற்று படக்கதையின் ஒரு கட்டத்தில் முதலைக்கு வால் போட மறந்திருந்தாள். திருத்தப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"வாலைப் போடுக்கா. நாளைக்கு அடுத்தது வரணும்ல?"

"வராதுடா. இது வாலைத் தேடிக் கண்டுபிடிச்சிட்டு மெதுவா வரட்டும்."

"வாசகருங்க ஓடிட்டா?"

"ஓடட்டும். நீ ஒருத்தன் எங்க போயிடுவ, சோறு இங்கதானே."

அடுத்த கட்டத்தில் முதலை வரவேற்பறைக்குப் போய், "இங்க ஒரு வால் கிடந்துச்சா?" என்று விசாரித்தது. அக்காவைப் போலவே காதில் பேனா செருகிய பெண் சொன்னாள்: "பல்லுன்னா மட்டும்தான் சார் எடுத்து வைப்போம்."

அக்கா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். மறந்த வாலிலிருந்து ஒரு கதையையே இழுத்துவிட்டாளே என்று நான் படத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அப்பாடா, முடிச்சிட்டா. தட்டு எடுத்து வைடா."